டிக்கியில் வைத்த கனம்

நவம்பர் 3, ஞாயிறு

இன்று கல்யாணப் பந்தியில் என் அண்ணன் தாமோதரன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது "அவன் அப்படிச் சொல்லவே இல்லை" என்று சாதித்தால் எனக்கே சந்தேகம் வந்துவிடக் கூடாது.

சித்தப்பாதான் கேட்டார். "ஏப்பா தாமு, இந்த வருசம் ரேஸ்ல புனிதா ஓட்டலியாமா?"

பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே அவன் சொன்னான்: "வண்டியச் செஞ்சது நானுங்க சித்தப்பா. சீட்ல யாரு உக்காந்தா என்ன? ஒரு அரிசி மூட்டைய உக்கார வெச்சாலும் அது ஜெயிக்கும்."

பந்தியே சிரித்தது. எனக்குப் பக்கத்து இலைக்காரர் புரையேறும்வரை சிரித்தார். என் சீட்டில் இப்போது உட்காரப்போகிற அண்ணியின் தம்பி கிருத்திக்கும் இலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தான்.

நான்கு வருடம் அண்ணனின் அந்த வெள்ளைக் காரை ஓட்டியிருக்கிறேன். நேர்கோட்டில் நானூறு மீட்டர், ஒரு நேரத்தில் இரண்டு வண்டி, முன்னால் போகிறவர் ஜெயித்தார். அவ்வளவுதான் டிராக் ரேஸ். கோப்பைகள் எல்லாம் பீளமேட்டில் அவன் ஒர்க்‌ஷாப் அலமாரியில் இருக்கின்றன. என் பெயர் ஒன்றில்கூட இல்லை, "தாமு மோட்டார்ஸ்" என்றுதான் பொறித்திருக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை என்று இருந்தேன். அரிசி மூட்டை என்றது பரவாயில்லை ஆகாது.

டிசம்பர் 15 போட்டியில் நான் என் பழைய பத்மினி காரை இறக்கப் போகிறேன். அவன் வண்டியை அவன் கண் முன்னால் தோற்கடிப்பேன். சீட்டில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை அவன் வாயாலேயே சொல்ல வைப்பேன்.

நவம்பர் 10, ஞாயிறு

பத்மினியில் நான் மாற்றிப் போட்டிருக்கும் எஞ்சினுக்கு அவன் எஞ்சினோடு மல்லுக்கட்டும் தெம்பு கிடையாது. அதற்கு மேல் செலவு செய்ய பம்பு கம்பெனி சூப்பர்வைசர் சம்பளம் இடம் கொடுக்காது. சக்தியைக் கூட்ட முடியாதவள் கனத்தைக் குறைக்கணும். பின்சீட்டு, கதவு அட்டைகள், ஸ்டெப்னி, ஹீட்டர் எல்லாவற்றையும் கழற்றி ஷெட் மூலையில் குவித்துவிட்டேன். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "வண்டிய விக்கறியா கண்ணு?" என்றார்.

பழைய இரும்புக்கடை எடைமேடையில் முன் சக்கரங்களைத் தனியாகவும் பின் சக்கரங்களைத் தனியாகவும் நிறுத்திப் பார்த்தேன். மூக்குதான் கனம். பத்மினியைத் தள்ளுவது பின் சக்கரங்கள். கிளம்பும்போது கனம் பின்னால் இருந்தால்தான் டயர் ரோட்டைக் கவ்வும். ஆனால் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பேட்டரி, ஒரு சின்னப் பிள்ளையின் எடையோடு, எனக்கு எந்த உபகாரமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

இனி பேட்டரிதான்.

நவம்பர் 13, புதன்

வேலை முடிந்து உக்கடத்தில் ஷாஜகான் பாய் கடைக்குப் போனேன். கோயமுத்தூரில் ரேஸ் வண்டிகளுக்குப் பேட்டரி என்றால் அவர்தான். கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு லித்தியம் பேட்டரியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். டிபன் பாக்ஸ் கனம்கூட இல்லை. கீழே வைக்க எனக்கு மனசே வரவில்லை.

"ஆசப்படாதம்மா," என்றார். "கனம் இல்லதான். ஆனா இதுக்குத் தனி சார்ஜர் வேணும். எஞ்சின் சூடு பக்கத்துல ஆகாது. லைன்ல நிக்கிறப்ப ஃபேனும் பெட்ரோல் பம்ப்பும் ஓடிக்கிட்டே இருக்கும்ல, ரெண்டு மூணு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணா இது கைய விரிச்சுரும்."

"பெரிய சைஸ் லித்தியம்?"

"அதுக்கு உங்க வண்டியையே வித்துரலாம்."

இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்திருக்கிறேன். தாமு வந்தானா என்று சும்மா கேட்டேன். "அவரு எஞ்சின்காரரும்மா. பேட்டரின்னா ஸ்டார்ட் ஆகுதான்னு மட்டும்தான் கேப்பாரு," என்றார் பாய். இதைக் கேட்டதிலிருந்து மனசு நன்றாக இருக்கிறது.

நவம்பர் 16, சனி

பாய் சொன்னதுதான் நடந்தது. லித்தியம் முதல் தடவை படாரென்று கிளப்பியது. ஃபேனைப் போட்டு, அணைத்து, மறுபடி கிளப்பியபோது முனகியது. மூன்றாவது தடவை டிக் டிக் என்றதோடு சரி. இதை ஸ்டார்ட் கோட்டில் தாமு பார்த்திருந்தால் என்ன சிரிப்புச் சிரித்திருப்பான்!

திருப்பிக் கொடுத்துவிட்டு நடுத்தரத்தில் ஒன்று வாங்கினேன். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத சீல் வைத்த பேட்டரி. பழையதில் பாதிக் கனம், ஆனால் நாள் முழுக்கக் கிளப்பும். எல்லாவற்றிலும் லேசானதுதான் நல்லது என்று நினைக்கிறவன் ரேஸ் ஓட்டியவன் இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

டிக்கியில் பேட்டரி ஏறிவிட்டது. சும்மா வைக்கிற வேலை இல்லை. பேட்டரி பின்னால் போனால் முன்னால் எஞ்சினில் இருக்கும் ஸ்டார்ட்டர்வரை ஒயர் நீளும். நீளமான ஒயர் மெல்லியதாக இருந்தால் சூடாகும், அதனால் வெல்டிங் கேபிள் போட வேண்டியிருந்தது. பேட்டரியில் மிச்சம் பிடித்த கனத்தில் ஒரு பங்கை அந்தச் செம்பு தின்றுவிட்டது. எரிச்சல்தான். ஆனாலும் மூக்கு லேசாகி, பின்னால் கனம் கூடியிருக்கிறது. கேபிள் தகட்டைத் தாண்டும் ஒவ்வொரு ஓட்டையிலும் உரசாமல் இருக்க ரப்பர் புஷ், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ், வெளியிலிருந்து அணைக்க நம்பர் பிளேட் பக்கம் ஒரு மெயின் ஸ்விட்ச்.

அடுத்து வலமா இடமா என்று ஒரு குழப்பம். கிளம்பும் வேகத்தில் வலது பின்சக்கரம்தான் லேசாகும், அதனால் பேட்டரியை வலது பக்கம் வை என்று வெளிநாட்டு வீடியோக்காரர்கள் எல்லாம் சொல்கிறார்கள். அவர்கள் ஊரில் டிரைவர் இடது பக்கம் உட்காருகிறார். இங்கே என் கனமே வலது பக்கம்தான். யாரையும் நம்பாமல், வீடு கட்டாமல் கிடக்கும் லேஅவுட் ரோட்டில் இரண்டு பக்கமும் வைத்து ஓட்டிப் பார்த்தேன். வலதுதான். கிளம்பியதும் டயர் வழுக்கவே இல்லை, முதுகை சீட்டோடு அறைந்தது. தனியாக உட்கார்ந்து கத்தினேன்.

மத்தியானம் அம்மா வந்தாள். அவள் இருப்பது தாமு வீட்டில், கிருத்திக்கும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்குக் குழம்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருவாள். இரண்டு வீட்டுச் சேதியும் அவளோடுதான் போய்வரும். இங்கே தும்மினால் அங்கே சுக்குக் காப்பி போடுவார்கள்.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். "பேட்டரியத் தூக்கி டிக்கில வெச்சுட்டேம்மா. வண்டி பறக்குது."

"அப்பிடியா?" என்றாள்.

தட்டைக் கழுவும்போதும் சொன்னேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதும், "பழைய பேட்டரியே போதும்மா, அதத் தூக்கிப் பின்னாடி வெச்சாலே அவ்வளவு வெசையாப் போகுது. எல்லாம் அந்த எடம்தான்," என்றேன்.

நவம்பர் 25, திங்கள்

நான் சொன்னது எல்லாமே என் வண்டியைப் பற்றி. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சரி, பழைய பேட்டரியே போதும் என்றது கொஞ்சம்.

டிசம்பர் 1, ஞாயிறு

மீன்குழம்பு. அம்மா உட்கார்ந்ததும் உட்காராததுமாகச் சொன்னாள்: "உங்கண்ணன் பேட்டரியத் தூக்கி டிக்கில வெச்சுட்டான்."

எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அவன் வண்டியை இழுப்பது முன் சக்கரங்கள். முன்னால் இழுக்கிற வண்டிக்குக் கனம் முன்னால்தான் வேண்டும். கிளம்பும்போது எல்லா வண்டியும் பின்பக்கம் அமுங்கி மூக்கைத் தூக்கும். அந்த மூக்கில் இருந்த கனத்தையும் எடுத்துப் பின்னால் வைத்தால், முன் டயர் ரோட்டில் நிற்காமல் சும்மா சுற்றிப் புகைதான் விடும். இது தாமுவுக்குத் தெரியாதா? தெரிந்திருக்கணும். ஆனால் நான்கு வருடமும் அந்த வண்டி கோட்டிலிருந்து வழுக்காமல் கிளம்பியது அவன் எஞ்சினால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கிளட்சை நூல் நூலாக விட்டு, ஆக்சிலேட்டரைக் கால் கட்டைவிரலால் பிடித்து நான் கிளப்பினேன். கிளம்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்தான்.

"இப்ப எப்பிடிப் போகுதாம்?" என்று கேட்டேன்.

"ஒரே பொகை. கிருத்திக்கப் போட்டுத் திட்டிட்டே இருக்கான். டயர மாத்தறானாமா."

மாற்றட்டும். நாலையும் மாற்றட்டும்.

டிசம்பர் 8, ஞாயிறு

அம்மா இன்று அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "பின்சீட்டுக்கு அடியில தகட்டுல ஓட்ட போட்டு, ஒயர அப்பிடியே சொருகி இழுத்துட்டான் தாமு. ரப்பர் கிப்பர் ஒண்ணும் போடல. உன் வண்டில போட்டிருக்கியேன்னு கேட்டேன், சோலியப் பாருன்னுட்டான்," என்றாள்.

ஃபியூஸ் போட்டானா என்று கேட்டேன். அவளுக்கு அது தெரியவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

அது என் சோலி இல்லை.

டிசம்பர் 11, புதன்

கம்பெனியில் ஒரு மோட்டார் திரும்பி வந்தது. உள்ளே ஒயர் தகட்டில் உரசி, தோல் போய், மொத்தமும் கரியாகிக் கிடந்தது. ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாமுவுக்கு போனில், "ஓட்டையில் ரப்பர் போடு" என்று அடித்தேன். அழித்துவிட்டேன். நான் சொன்னால் பேட்டரியைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்பான். யோசித்தால் அதை முன்னாலேயே திருப்பி வைத்துவிடுவான்.

போட்டியில் வண்டிகளைப் பரிசோதனை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

டிசம்பர் 14, சனி

பேட்டரிக்கு சார்ஜ் போட்டாயிற்று. ஹெல்மெட், கையுறை, டயர் காற்று எல்லாம் சரி. தாமுவின் மூஞ்சி எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே படுக்கப் போகிறேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

பழைய விமான ஓடுதளம், வெயில், இரண்டு பக்கமும் கூட்டம். பரிசோதனை செய்தவர் என் டிக்கியைத் திறந்து பேட்டரியை ஆட்டிப் பார்த்தார், மெயின் ஸ்விட்சை அணைத்துப் பார்த்தார், ஸ்டிக்கர் ஒட்டினார். தாமுவின் வண்டியிலும் அப்படித்தான் ஆட்டிப் பார்த்துவிட்டு ஒட்டினார். பேட்டரி அசையாமல் இருந்தது. பின்சீட்டுக்கு அடியில் யார் தலையை விட்டுப் பார்ப்பார்கள்?

அண்ணன் என்னைப் பார்த்துப் பேசவில்லை. பத்மினியைப் பார்த்து, "சாமி ஊர்வலத்துக்கு நல்லாருக்கும்," என்று கிருத்திக்கிடம் சொன்னான்.

காலையில் என் இரண்டு ஓட்டத்திலும் ஜெயித்தேன். வெள்ளைக் காரும் புகைவிட்டு, தடுமாறி, எஞ்சின் பலத்தால் பிற்பாடு எட்டிப் பிடித்து ஜெயித்துக்கொண்டே வந்தது. கடைசி ஓட்டம் அவனுக்கும் எனக்கும்தான் என்று மைக்கில் சொன்னபோது கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டேன். இதற்காகத்தானே இத்தனை நாள்.

அப்போதுதான் கிருத்திக் வண்டியை விட்டு இறங்கினான். என் வண்டிக்கும் அவர்கள் வண்டிக்கும் நடுவில் ஒரு தார்ப்பாய்தான் மறைப்பு. அவன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"மாமா, உள்ள ரப்பர் எரியற நாத்தம் அடிக்குது."

"கிளட்சுடா. நீ ஓட்டற ஓட்டுக்கு அதுவாவது மிஞ்சுமா?"

"கிளட்ச் நாத்தமாட்ட இல்ல மாமா. பின்னாடி இருந்து வருது."

"பயமாருந்தா இப்பவே சொல்லு. வேற ஆள உக்கார வெச்சுக்கறேன்."

தார்ப்பாய் இடுக்கில் பார்த்தேன். கிருத்திக் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடிக்காமலேயே மூடினான். இருபத்திமூன்று வயசு. நான் என் டயரில் காற்றைப் பார்த்தேன். ஏற்கெனவே பார்த்த டயர். மறுபடியும் பார்த்தேன்.

பிறகு டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு தார்ப்பாயைத் தூக்கி அந்தப் பக்கம் போனேன்.

"பின்சீட்டுக்கு அடியில பாக்கணும்ணா," என்றேன்.

"போ அம்மிணி அக்கட்ட. எங்கள ஓட்ட விடாமப் பண்ண நாடகமா?"

"வண்டிய நிறுத்துன்னு சொல்லல. ரெண்டு நிமிசம் பாக்கறேன்."

"நீ பாத்து எங்க வண்டிக்கு..."

"அக்கா பாக்கட்டும் மாமா," என்றான் கிருத்திக். தாமுவை எதிர்த்து அவன் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "உள்ள உக்காரப் போறது நான்."

படுத்துக்கொண்டு கையை விட்டேன். தகட்டு ஓட்டையின் விளிம்பு பிளேடு போல இருந்தது. கேபிளின் தோல் அறுபட்டுச் செம்பு தெரிந்தது. ஒரு சாண் தள்ளி பெட்ரோல் குழாய். ஃபியூஸ் இல்லை. இன்னொரு குலுக்கல் குலுக்கியிருந்தால் போதும், பொறி பறந்து வண்டியே தீப்பிடித்திருக்கும்.

தாமுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் எட்டிப் பார்த்தான். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது. டார்ச்சை வாங்கிப் பிடித்துக்கொண்டான். அறுபட்ட இடத்தில் டேப்பைச் சுற்றி, கைவசமிருந்த பெட்ரோல் ஹோஸ் துண்டு ஒன்றைக் கீறி அதன் மேல் மாட்டி, ஓட்டைக்கு என் பையிலிருந்த ரப்பர் புஷ்ஷைப் போட்டு, பேட்டரி பக்கம் என் ஃபியூஸ் ஒன்றைச் சேர்த்தேன். அவன் ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

நல்ல மனசு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த வண்டி தோற்கணும் என்றால் முதலில் அது ஓடணும். ஓடாமல் போயிருந்தால் ஆயுசுக்கும் "ஒயர் போயிருச்சு, இல்லாட்டி ஜெயிச்சிருப்போம்" என்று பந்தி பந்தியாகச் சொல்லிக்கொண்டு திரிவான். அதனால்தான் போனேன்.

அதனால்தான்.

ஓட்டம் பத்து மூச்சுக்குள் முடிந்துவிட்டது. பச்சை விளக்கு விழுந்ததும் பத்மினி என் முதுகை சீட்டோடு அறைந்து கிளம்பியது. ஓரக்கண்ணில் வெள்ளைப் புகை. அந்த வண்டி நின்ற இடத்திலேயே முன்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு கதறியது. பாதித் தூரத்தில் அதன் சத்தம் நெருங்கி வந்தது. ஐயோ, எஞ்சினா அது! தாமு நிஜமாகவே எஞ்சின்காரன். கதவருகே மூக்கு தெரிந்தது. அதற்குள் கோடு வந்துவிட்டது.

ஜெயித்தேன். கத்தினேன், ஸ்டியரிங்கைக் குத்தினேன், அழுதேன். மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். என் பெயரை!

திரும்பி வந்தபோது அண்ணன் தன் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான். பேட்டரியையும் முன் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

"இது முன்னாடியே இருந்திருக்கணும்," என்றான்.

"ஆமா."

"நீ ஓட்டியிருந்தா இப்பிடி வெச்சுக்கூடக் கெளப்பியிருப்பே."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லாம். காதில் விழுந்தது. உடம்பெல்லாம் குளிர்ந்தது.

பிறகு அவன் மெதுவாகக் கேட்டான். "அம்மாகிட்ட வேணும்னேதான் சொன்னியா?"

"என் வண்டியப் பத்தி என் அம்மாகிட்டச் சொன்னேன்," என்றேன். நன்றாகத்தான் சொன்னேன். ஆனால் அவன் என்னைப் பார்த்த பார்வைக்கு அது போதவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

கம்பெனியில் எல்லோருக்கும் லட்டு. கோப்பையில் "புனிதவதி" என்று பொறித்துத் தரச் சொல்லிக் கடையில் கொடுத்தாயிற்று.

டிசம்பர் 18, புதன்

இன்று அம்மா வந்தாள். ஞாயிறு இல்லை, குழம்பும் இல்லை, வெறுங்கை. ஷெட்டில் பத்மினியின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"தாமு கேட்டான். 'அவ சொல்லி அனுப்புனாளா, இல்ல உன்னய ஏமாத்துனாளா'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"ரெண்டும் இல்லைன்னேன்." புடவை மடிப்பை நீவிக்கொண்டாள். "ஒரே நாள்ல மூணு தடவ சொல்றே அம்மிணி. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

"அது அந்த வண்டிக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"வண்டியப் பத்தி எனக்கென்ன தெரியும்? உம்மூஞ்சி தெரியும். அன்னிக்கு இருந்த கோவத்துல அவனுக்கு நல்லது எதையும் நீ சொல்லி அனுப்ப மாட்டே. தெரிஞ்சுதான் போயிச் சொன்னேன். பெத்த பொண்ண அத்தன பேரு முன்னாடி அப்பிடிப் பேசிட்டானே, மூக்கு ஒடையட்டும்னுதான்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்து, அவள் கையைப் பிடித்தேன். அவள் சிரிக்கவில்லை, கையை விடுவித்துக்கொண்டாள்.

"ஓட்ட போட்டத வந்து சொன்னேன். நீ ஒடனே போன் பண்ணுவேன்னு நெனச்சேன். திங்கக்கெழம பாத்தேன், செவ்வாக்கெழம பாத்தேன். நீ பண்ணல. சரி, நாமளாவது அவன அடம்புடிச்சு நிறுத்தலாம்னா, நீ தோத்துருவியோன்னு வாயத் தொறக்கல. தெனமும் அந்தப் பையன் அந்த வண்டில ஏறி உக்காந்துட்டுப் போவான். நானும் வாசல்ல நின்னு பாத்துட்டு இருந்தேன்."

"அதான் ரேஸ் அன்னிக்கு நானே போய்ச் சரி பண்ணிட்டனேம்மா."

"பண்ணினே. கிருத்திக் வந்து சொன்னான். 'அக்காதான் காப்பாத்துனாங்க அத்தை'ங்கறான். அன்னியில இருந்து எனக்குச் சோறு போட்டுத் தர்றதே அவந்தான். எதிர்ல உக்காந்துக்கறான்."

வெளியே வீட்டுக்காரம்மா குழாயடியில் குடத்தை வைக்கும் சத்தம் கேட்டது. அம்மா பத்மினியின் கதவை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"ஜெயிச்சது நல்லாருக்கா அம்மிணி?"

பொய் சொல்ல வரவில்லை. "நல்லாருக்கும்மா," என்றேன்.

"எனக்கும் நல்லாத்தான் இருக்குது," என்றாள். "அதனாலதான் அந்தப் பையன் போடற சோறு எறங்க மாட்டேங்குது."